பட்டை கழட்டுனா யூ போல்ட்டும் புதுசா போடணுமா? ஏழு வருச பிக்கப் அனுபவம்

நம்ம பங்காளி ஒருத்தர் நேத்து போன்ல கேட்டாரு, அண்ணே பின்னாடி கமான் பட்டைல (வண்டி சுமையத் தாங்கற வளைஞ்ச இரும்புப் பட்டை அடுக்கு) ரெண்டாவது பட்டை உடைஞ்சிருச்சு, மாத்தப் போறேன், பட்டையையும் ஆக்சிலையும் (சக்கரம் மாட்டியிருக்கற தண்டு) சேத்துக் கட்டற யூ போல்ட்டு நல்லாதான் இருக்கு, அதையே திருப்பிப் போட்டுக்கலாமான்னு. போன்லயே ஒரு மணி நேரம் பேசிட்டேன். அப்படியும் மனசு ஆறல, அதான் இங்க எழுதறேன்.

என்கிட்ட இருக்கறது ஒன்றேகால் டன் பிக்கப், 2018ல புதுசா எடுத்தது, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல இருந்து தக்காளி, முருங்கை, கத்திரிக்காய்னு திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு ஓடுது. வண்டியப் பத்தி தனியா சொல்ல ஒண்ணுமில்ல, எல்லாருக்கும் தெரிஞ்ச வண்டிதான். ஆனா பின்னாடி பட்டை இருக்கே, அதுக்கு நான் கும்பிடே போடுவேன். என்ன லோடு ஏத்துனாலும் முனகாம தாங்கிருக்கு, காலியா வரும்போது குலுக்கும்தான், அது பட்டை வண்டிக்கு உள்ளதுதான். என் கோவமெல்லாம் பட்டை மேல இல்ல, பட்டையப் புடிச்சுக் கட்டியிருக்கற சாமான் மேலயும் அதை லேசா எடுத்துக்கறவங்க மேலயும்தான்.

2021ல 70,000 கிலோமீட்டர்ல பட்டை படுத்துருச்சுன்னு கழட்டி தட்டி வளைவு ஏத்துனோம். அப்ப பழைய யூ போல்ட்டு, பழைய நட்டு, எல்லாம் அப்படியே போட்டோம். உண்மையச் சொல்லணும், ஒண்ணரை வருசம் ஒரு பிரச்சினையும் வரல. அதனால பழசு போட்டா உடனே வண்டி கவுந்துரும்னு நான் சொல்ல மாட்டேன்.

2023ல ஒரு பட்டை உடைஞ்சுது. அதே பட்டறை, அதே மேஸ்திரி. அவரப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன், கைவேலைன்னா கைவேலை, பட்டைய அடைகல்லுல வெச்சு அவர் தட்டுற அழகப் பாத்துட்டே நிக்கலாம், ரெண்டு பக்கமும் மட்டம் வெச்ச மாதிரி ஒரே உயரம் வரும். நான் கேட்டேன், அண்ணே யூ போல்ட்டு புதுசு வாங்கிட்டு வந்துரட்டுமான்னு. கையில எடுத்து ஒரு தடவ பாத்துட்டு, இரும்புடா இது, இன்னும் பத்து வருசம் வரும், நட்டு மட்டும் புதுசு போட்டுக்கோன்னாரு. நானும் சரின்னுட்டேன்.

அடுத்த வாரமே ஆரம்பிச்சுது அந்தச் சத்தம். ஸ்பீட் பிரேக்கர் இறங்கும்போது பின்னாடி எடது பக்கம் 'கடக்'. கியர் போட்டு எடுக்கும்போது ஒரு 'கடக்'. லோடு இருந்தா கம்மி, காலியா வந்தா ஜாஸ்தி. எட்டு மாசம் அந்தச் சத்தத்தோட குடும்பம் நடத்துனேன். மூணு தடவ அதே பட்டறைக்குப் போனேன், மூணு தடவயும் ஸ்பேனர்ல நாலடி பைப்பச் சொருகி ஒரு இறுக்கு, சத்தம் பத்து நாளு நிக்கும், மறுபடி வரும். ஒரு தடவ ஷாக் அப்சார்பர் புஷ் போச்சுன்னு அதையும் மாத்துனோம். சத்தம் போகவே இல்ல.

ஏன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. போல்ட்ட இறுக்கும்போது அது ரப்பர் பேண்டு மாதிரி கொஞ்சமே கொஞ்சம் நீளும், திரும்பச் சுருங்கப் பாக்கற அந்த இழுவைதான் பட்டையையும் ஆக்சிலையும் சேத்துப் புடிக்குது. அளவுக்கு மீறி இறுக்குனா இல்ல பல வருசம் லோடுல அடி வாங்குனா அது நிரந்தரமா நீண்டுரும், அப்புறம் எவ்வளவு இறுக்குனாலும் பழைய புடிப்பு வராது. மரையும் (நட்டு ஏற போல்ட்டுல சுத்தி வெட்டியிருக்கற பள்ளம்) ஒரு தடவ நட்டோட சேந்து நசுங்கி உக்காந்துருச்சுன்னா, மறுபடி போடும்போது உரசல் ஜாஸ்தி, ஸ்பேனர்ல டைட்டுன்னு காட்டும், உள்ள புடிப்பு இருக்காது. அதனாலதான் பட்டை தயாரிக்கறவங்க கழட்டுனா யூ போல்ட்டும் நட்டும் சேத்தே மாத்துன்னு சொல்றாங்க, நட்டு மட்டும் புதுசு போடறது அரைக் கிணறு தாண்டற வேலை. நாங்க மூணு தடவ பைப் போட்டு இறுக்குனது இன்னும் நீட்டி விட்டதுதான் மிச்சம்.

இன்னொண்ணு, ஆக்சில அசையாம வெச்சிருக்கறது சென்டர் போல்ட்டுன்னு நிறைய பேரு நெனைக்கறாங்க. இல்ல. சென்டர் போல்ட்டு பட்டைகள ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குல வெச்சு, அதோட தலை ஆக்சில்ல பட்டை உக்கார்ற சீட்டுல இருக்கற குழில உக்காந்து இடம் காட்டுது, அவ்வளவுதான். சுமையப் புடிக்கறது யூ போல்ட்டு. யூ போல்ட்டு லூசானா ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்தச் சின்ன சென்டர் போல்ட்டு அடி வாங்கி கடைசில அறுபடும், பட்டையும் நடு ஓட்டை கிட்ட வளைஞ்சு வளைஞ்சு அங்கயே கீறல் விடும். நடு ஓட்டைல பட்டை உடைஞ்சிருந்தா மொதல்ல சந்தேகப்பட வேண்டியது லூசான யூ போல்ட்டத்தான், பட்டையத் திட்டிப் பிரயோசனமில்ல.

2024ல ஒரு நாள் மணப்பாறை டீக்கடைல ஒரு லாரி டிரைவர் அண்ணன் சொன்னாரு, தம்பி உன் வண்டி பின்னாடி கோணலா வருது, பாத்துக்கோன்னு. நான் அலைன்மென்ட்டா இருக்கும்னு விட்டேன். நாலாவது நாளு ராத்திரி, 80 பெட்டி தக்காளி, அய்யலூர் தாண்டி ஒரு பிரேக் அடிச்சேன், எடது பக்கம் ஆக்சில் பின்னாடி நகந்து டயர் போய் மட்கார்டுல உரசி நின்னுச்சு. எறங்கி டார்ச் அடிச்சா சென்டர் போல்ட்டு ரெண்டு துண்டு, மெயின் பட்டை நடு ஓட்டைல கீறல், யூ போல்ட்ட கையால ஆட்டுனா ஆடுது. அந்த ஸ்பீடுல எதிர்ல ஒரு பஸ்ஸு வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்பவும் தூக்கத்துல வருது. விடியக்காலைல இன்னொரு வண்டி புடிச்சு பெட்டிய மாத்தி அனுப்புனேன், மார்க்கெட்டுக்கு லேட்டு, கெடச்ச வெலைக்குப் போச்சு.

மறுநாள் வேற பட்டறை. கழட்டுன யூ போல்ட்டு மரைல வெர்னியர் (நுணுக்கமா அளக்கற கருவி) வெச்சு அளந்து பாத்தோம். 16 எம்எம் போல்ட்டு, மரை இடைவெளி ஒண்ணரை எம்எம், அப்ப இருபது மரைக்கு சரியா 30 எம்எம் வரணும். என்னுது, யூ-வோட ரெண்டு கால்ல ஒரு கால்ல 30.4 எம்எம். வெர்னியர் இல்லாட்டி புது போல்ட்டயும் பழசயும் மரையோட மரை சேத்து வெச்சு வெளிச்சத்துக்குக் காட்டுங்க, கடைசி வரைக்கும் பல்லு மாதிரி பொருந்தணும், நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா நீண்டுருச்சுன்னு அர்த்தம். ஆக்சில் சீட்டு ஓரத்துல செவப்பா மாவு மாதிரி துரு வழிஞ்சிருந்தா அதுவும் சாட்சி, உள்ள அசைஞ்சு தேஞ்சு வர்ற துரு அது. என் வண்டில எட்டு மாசமா அது வழிஞ்சிருக்கு, நான் சேறுன்னு நெனச்சு தண்ணியடிச்சுக் கழுவிக்கிட்டு இருந்திருக்கேன்.

நாலு யூ போல்ட்டு, நட்டு வாஷரோட 1,400 ரூவா, சென்டர் போல்ட்டு ரெண்டு 120. இதை மிச்சம் புடிக்கப் போய் மெயின் பட்டை, ரெக்கவரி வண்டி, தக்காளி நட்டம்னு 19,000 போச்சு. போல்ட்டு வாங்கும்போது 8.8ன்னு (போல்ட்டோட வலுவச் சொல்ற எண்) குறி இருக்கறதா பாத்து வாங்குனேன், வளைவு ரவுண்டா தட்டையான்னும் பாக்கணும், ஆக்சில் மேல பொருந்தி உக்காரணும். நீளமும் பாக்கணும், நட்டு ஏறுன பிறகு மூணு நாலு மரை வெளிய தெரியணும், பட்டை ஒண்ணு கூடுதலா ஏத்தறவங்க பழைய நீளத்துலயே போட்டு நட்டு பாதி மரைல நிக்கறத நான் கண்ணால பாத்திருக்கேன். கடைல நீளம் பத்தலேன்னா சாதா கம்பிய கேஸ்ல சூடு பண்ணி வளைச்சுத் தரேன்னு ஒருத்தர் சொன்னாரு, அந்தப் பக்கமே போகாதீங்க.

மாட்டும்போது சீட்டுல துரு, பெயின்ட்டு, மண்ணு எல்லாம் சுரண்டணும், அது நசுங்குனா புடிப்பு தளந்துரும். வண்டி சுமை பட்டை மேல இறங்குன பிறகு ஒவ்வொரு பக்கமும் நாலு நட்டையும் குறுக்கும் நெடுக்குமா, ஒரே மூச்சுல இல்லாம மூணு தடவயா ஏத்தி, கடைசில டார்க் ரெஞ்ச்ல (எவ்வளவு இறுக்கறோம்னு அளவு காட்டற ஸ்பேனர்) மேனுவல் அளவுக்கு இறுக்கணும், காத்துல ஓடற நட்டு கன்ல கடைசி இறுக்கு வேண்டாம். 200 கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி பாத்தேன், மூணு நட்டு கொஞ்சம் திரும்புச்சு. 1,000 கிலோமீட்டர்ல பாத்தப்ப ஒண்ணும் அசையல. பட்டை முனை வளையத்துல ரப்பர் புஷ் உள்ள கண்ணு போல்ட்டையும், பட்டை முனைய வண்டியோட சேக்கற ஷாக்கிளோட போல்ட்டையும் வண்டி தரைல நிக்கும்போதுதான் இறுக்கணும், ஜாக்கில தொங்கும்போது இறுக்குனா இறக்கும்போது புஷ் முறுக்கிக்கிட்டு சீக்கிரம் கிழிஞ்சுரும்.

எல்லாத்தையும் மாத்துன்னும் சொல்லல. ஷாக்கிள் பின்ன நகத்தால தடவிப் பாத்து படி மாதிரி தேய்மானம் தட்டலேன்னா திருப்பிப் போடுங்க, ஷாக்கிள் பிளேட்டு ஓட்டை முட்டை மாதிரி ஆகலேன்னா அதுவும் ஓகே, யூ போல்ட்டு மாட்டற அடி பிளேட்டு வளையலேன்னா அதுவும் ஓகே. நானும் அதெல்லாம் பழசுதான் போட்டிருக்கேன். இப்ப 45,000 கிலோமீட்டர் ஆச்சு, அந்த 'கடக்' திரும்ப வரவே இல்ல. ஸ்பீட் பிரேக்கர்ல சத்தமில்லாம இறங்கும்போது மனசுக்கு அவ்வளவு நிம்மதியா இருக்கு.

பழைய போல்ட்டு ஒண்ணரை வருசம் ஓடுச்சுன்னு நானே சொல்லிட்டேன், அந்த மேஸ்திரி கைக்கு ஈடில்லைன்னும் நானே சொல்லிட்டேன். ஆனாலும் இனி கழட்டுன யூ போல்ட்ட என் வண்டில ஏத்த மாட்டேன், அந்தப் பட்டறைக்கும் போக மாட்டேன். அவருக்குப் பட்டை மேல இருக்கற அக்கறைல பாதி போல்ட்டு மேல இருந்திருந்தா போதும்.

பங்காளி, ஞாயித்துக்கிழமை காலைல டார்க் ரெஞ்சோட வர்றேன், போல்ட்டு மட்டும் வாங்கி வைங்க. பழசக் கழட்ட வரலேன்னா கேஸ் வெச்சு வெட்ட விடாதீங்க, பக்கத்துல பட்டை சூடு பட்டா அங்க கீறல் விடும், கிரைண்டர்லயே அறுக்கச் சொல்லுங்க. அறுக்காம முழுசா வந்துச்சுன்னாலும் ரெண்டு துண்டா அறுத்துட்டு அப்புறம் பழைய இரும்புக்குப் போடுங்க, முழுசாக் கெடந்தா யாராவது எடுத்து அடுத்த வண்டிக்கு மாட்டிருவாங்க.