சேனாநாயக்க சமுத்திரக் கரையில் கூடாரம்: போகலாமா?

மட்டக்களப்பிலிருந்து காரைதீவில் திரும்பி, அம்பாறை தாண்டி இங்கினியாகலை. அங்கிருந்து முகாமுக்குப் படகில்தான் போக வேண்டும். கல்லோயா தேசியப் பூங்கா 1954இல் அறிவிக்கப்பட்டது. நடுவில் கிடக்கும் சேனாநாயக்க சமுத்திரத்தைக் குளம் என்று சொல்ல வாய் வராது, அவ்வளவு பெரிசு.

வசதி தேடிப் போகாதீர்கள். மின்சாரம் இல்லை, குழாய் இல்லை, கழிவறை என்பது கிடுகால் மறைத்த ஒரு குழி. அது குறையல்ல, முகாம் நடத்துபவர்கள் சொல்லித்தான் கூட்டிப் போனார்கள். குறை தண்ணீரில். குடிக்க, சமைக்க, கழுவ எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு தண்ணீர்க் கான். இரவுச் சாப்பாடு முடியவே அடி தட்டிவிட்டது. கையோடு தாராளமாகக் கொண்டு போங்கள்.

நாங்கள் போனது ஆவணியில், நல்ல கச்சான் காற்று, அதுதான் தென்மேற்குக் காற்று. வற்றிய குளத்து நிலம் இறுகிக் கிடக்க, கூடாரக் கயிறு கட்ட அவர்கள் தந்த மெல்லிய கம்பி முளைகள் வளைந்ததுதான் மிச்சம். கடைசியில் படகோட்டி அண்ணன் கயிறுகளைப் பெரிய கற்களில் சுற்றிக் கட்டித் தந்தார். அவருக்கு மட்டும் ஐந்து நட்சத்திரம்.

சாப்பாடு சுட்ட குளத்து மீன், பாண், கட்டைச் சம்பல். உப்புக் கொஞ்சம் தூக்கல்.

காலையில் தீவொன்றிலிருந்து யானை நீந்தி வந்தது. முதலில் தும்பிக்கை நுனி, பிறகு நெற்றி மேடு, கரை கிட்ட வர முதுகு. அண்ணன் இயந்திரத்தை நிறுத்தித் தள்ளியே நின்றார். இன்னொரு படகு படமெடுக்கக் கிட்டப் போனது, எரிச்சலாக இருந்தது.

சின்னப் பிள்ளைகளோடு என்றால் பகல் படகுச் சவாரியே போதும். மற்றவர்கள் மாரி தொடங்க முதல் போங்கள், மழை பிடித்தால் கூடாரம் போட்ட கரை தண்ணீருக்குள் போய்விடும்.