செப்பாங்கில் ஓட்ட ஒரு 86: எந்த பிரேக் கிட்?

டொயோட்டா 86 ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடம் பிரேக் பேச்சை எடுத்தால் முதலில் வந்து விழுவது டிஸ்க்கின் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) விட்டம்தான். பிரேக் கிட் (பெரிய டிஸ்க்கும் கேலிப்பரும் சேர்ந்த செட்) வாங்குவதென்றால் 326, 328, 345 மி.மீ. என்று எண்கள் பறக்கும். வண்டியோடு வரும் முன் டிஸ்க் 294 மி.மீ. விட்டம், 24 மி.மீ. தடிமன். பேட் எனும் உராய்வுக் கட்டைகளை அதன்மேல் அழுத்திப் பிடிப்பது இரண்டு பிஸ்டன் உள்ள, பின்களில் (pin) நகரும் சாதாரண கேலிப்பர். பார்வைக்கு எடுபடாது, உண்மைதான். ஆனால் ஒருமுறை முழு பலத்தோடு மிதித்துப் பாருங்கள், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) துடிக்கும். டயரின் பிடிப்பு தீர்ந்துவிட்டது, பிரேக்கிடம் இன்னும் பலம் மிச்சம் என்று அர்த்தம். அந்த இடத்தில் ஆறு பிஸ்டன் கேலிப்பரை மாட்டினாலும் வண்டி ஒரு முழம் முன்னதாக நிற்காது.

அப்படியானால் எதற்குக் காசு கொடுக்கிறோம்? சூட்டுக்கு. மலேசியாவின் செப்பாங் பந்தயப் பாதை ஒரு சுற்று 5.543 கி.மீ. பின்பக்க நேர்ப்பாதை முடிந்ததும் 15ஆம் வளைவு; அங்கே திரும்பியதும் பிரதான நேர்ப்பாதை, அதன் முடிவில் 1ஆம் வளைவு. இரண்டு நீண்ட ஓட்டம், இரண்டு கடும் பிரேக், அடுத்தடுத்து. ஓட்டுபவரோடு சேர்த்து 1,300 கிலோ இருக்கும் வண்டியை 190லிருந்து 80 கி.மீ. வேகத்துக்கு இறக்கினால், கழிக்க வேண்டிய ஆற்றல் சுமார் 1.5 மெகாஜூல். அதில் 70 சதவீதம் முன்சக்கரங்களுக்குப் போகிறது, ஒரு டிஸ்க் 7 கிலோ வார்ப்பிரும்பு என்று வைத்துக்கொண்டால், ஒரே மிதியில் டிஸ்க்கின் சூடு ஏறத்தாழ 150 டிகிரி கூடும். காற்றும் எஞ்சினும் கொஞ்சம் பங்கெடுத்துக்கொள்ளும், ஆனாலும் கணக்கு பெரிதாக மாறாது. ஏறிய சூடு இறங்குவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். மலேசிய வெயிலில் இறங்குவதும் மெதுவாகத்தான்.

ஆகவே முதல் போட்டியாளர் எந்த கிட்டும் இல்லை, பழைய கேலிப்பரே. டிராக் பேட், நல்ல பிரேக் ஆயில், ஸ்டீல் பின்னல் ஹோஸ், முடிந்தால் முன்பம்பரிலிருந்து டிஸ்க்கின் நடுப்பகுதிக்குக் காற்றுக் குழாய். டாட் 4 தர ஆயில் என்றால் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்க வேண்டும் என்பதுதான் விதி. ஈரம் ஏறிய பிறகு அது 155 ஆகிவிடுகிறது. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 புதிதில் 312 டிகிரி வரை தாங்கும். காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் விலை கண்ணைக் கட்டும், ஆனால் ஈரம் ஏறியும் 270 டிகிரியைத் தொடும் ஆயில் அது. இந்த ஊர்க் காற்றில் இருக்கும் ஈரப்பதத்துக்கு ஈரம் ஏறிய பிறகு உள்ள அந்த எண்தான் முக்கியம். பேட் விஷயத்தில் அதிர்ஷ்டம்: 86இன் முன் பேட் வடிவமும் சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் பல மாடல்களின் வடிவமும் ஒன்றே. எந்தக் கம்பெனி கலவையும் கிடைக்கும்.

பெடல் மெத்தென்று உள்ளே போனால் ஆயில் கொதிக்கிறது. பெடல் கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. இரண்டுக்கும் மருந்து வேறு, இரண்டுக்குமே கிட் தேவையில்லை. ரோட்டு டயரில் ஓட்டுபவருக்கு இந்த முதல் வழியே போதும் என்பது என் கட்சி. இதன் பலவீனம் போகப் போகத் தெரியும். நகரும் கேலிப்பர் சூட்டில் விரிந்து பேட்டைச் சாய்வாகத் தேய்க்கும், 24 மி.மீ. டிஸ்க்கில் விரிசல்கள் விழும். செமி ஸ்லிக் டயர் (டிராக்குக்கான, பிடிப்பு அதிகமான டயர்) போட்டால் இரண்டும் சீக்கிரமே வரும்.

அடுத்தது தொழிற்சாலை பிரெம்போ. 2017க்குப் பிறகு சில சந்தைகளில் 86, அதன் இரட்டையான சுபாரு பிஆர்இசட் வண்டிகளோடு வந்த செட்: முன்னால் நான்கு பிஸ்டன், 326 மி.மீ.; பின்னால் இரண்டு பிஸ்டன், 316 மி.மீ. கேலிப்பரில் தூசி ரப்பர் (பிஸ்டன் பக்கம் தூசி புகாமல் காக்கும் உறை) உண்டு, மழையில் ஓட்டலாம், தினம் வேலைக்கும் போகலாம். முன் பேட் சுபாரு எஸ்டிஐ, மிட்சுபிஷி எவோ வண்டிகளின் அதே வடிவம். குறை எடை: ஒரே துண்டு வார்ப்பிரும்பு டிஸ்க், அதுவும் பெரியது. இன்னொன்று, காசை மிச்சம் பிடிக்க முன்பக்கத்தை மட்டும் மாட்டுகிறார்கள். முன் பிரேக் பங்கு கூடி, பின் பிரேக் சும்மா இருந்துவிடும். வாங்கினால் நான்கு சக்கரத்துக்கும் வாங்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது ஏபி ரேசிங்கின் சிபி8350 கேலிப்பரோடு எசெக்ஸ் கம்பெனி தரும் ஸ்பிரின்ட் கிட். டிஸ்க் வெறும் 299 மி.மீ.! ஸ்டாக்கைவிட (வண்டியோடு வருவதைவிட) 5 மி.மீ. மட்டும் கூடுதல். ஆனால் தடிமன் 32. அந்த 8 மி.மீ. பெரும்பாலும் உள்ளே காற்று ஓடும் வழிகளுக்குப் போகிறது, டிஸ்க் தன் சூட்டைத் தானே வெளியே தள்ளுகிறது. நடுப்பகுதி அலுமினியம் என்பதால் டிஸ்க் தேய்ந்தால் வெளி வளையத்தை மட்டும் மாற்றலாம். மொத்த எடையும் ஸ்டாக்கைவிடக் குறைவு. விட்டத்தைப் பார்த்து வாங்குபவர் இதைக் கடையில் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். விலை உண்டு: ரேஸ் கேலிப்பர், தூசி ரப்பர் கிடையாது. மழையிலும் சேற்றிலும் தினம் ஓடும் வண்டியில் பிஸ்டன் சீல்களை அவ்வப்போது பிரித்துச் சுத்தம் செய்து மாற்ற வேண்டிவரும். டிராக் சூட்டில் ரப்பர் எப்படியும் கருகிப் போகும் என்பதால்தான் அது வைக்கப்படவில்லை, அது தனிக் கதை.

ஸ்டாப்டெக் எஸ்டி-40 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 328 மி.மீ. விட்டம், 28 மி.மீ. தடிமன், தூசி ரப்பரும் உண்டு. பிஸ்டன் அளவை வண்டியின் முன்பின் சமநிலைக்கு ஏற்பத் தேர்ந்தெடுத்தது இதன் நல்ல குணம். வாரம் முழுக்க ரோடு, எப்போதாவது செப்பாங் என்றால் சரியான தேர்வுதான். வில்வுட்டும் பட்டியலில் வரும்; எடை குறைவு, உதிரி பாகம் எளிதில் கிடைக்கும், ஆனால் பல மாடல்களில் தூசி ரப்பர் இல்லை என்பதைக் கேட்டு வாங்குங்கள். துளை போட்ட டிஸ்க்கை யார் தந்தாலும் டிராக்குக்கு வேண்டாம், துளைகளிலிருந்துதான் விரிசல் தொடங்கும். வரி வெட்டிய டிஸ்க் போதும்.

எதை முடிவு செய்தாலும் பணம் கட்டும் முன் ஒரு வேலை. தயாரிப்பாளர் தரும் அளவுத்தாளை அச்சிட்டு, அட்டையில் ஒட்டி வெட்டி, சக்கரத்துக்குள் வைத்துப் பாருங்கள். 17 அங்குலம் என்ற எண் மட்டும் போதாது, கேலிப்பரில் இடிப்பது ஸ்போக்கின் வளைவு. 86இன் பழைய 17 அங்குல ஸ்டாக் சக்கரத்துக்குள் தொழிற்சாலை பிரெம்போ நுழையாது. அந்த பிரெம்போவோடு வந்த 17 அங்குல சக்கரத்தில் தாராளமாக உட்காரும். சக்கரத்தையும் மாற்ற வேண்டிவந்தால் அந்தச் செலவில் பல வருடத்துக்கான பேட்டும் ஆயிலும் வாங்கிவிடலாம்.