கேரவன் கழிவு ஓஸுக்கு இடம்: பம்பரா, ஆறு இஞ்ச் குழாயா, மீன் பெட்டியா?

கேரவனின் கழிவுத் தொட்டியை வடிக்கிற ஓஸ் மூணு இஞ்ச் தானே, அதை வைத்துக்கொள்ள நாலு இஞ்ச் குழாய் போதும், தாராளமாகப் போகும் என்று நம்பி, ராமநாதபுரத்தில் ஒரு 110 பிவிசி குழாயை வாங்கி, வண்டிக் கூரையில் கட்டி உச்சிப்புளி வரை கொண்டுவந்த ஆள் நான். ஓஸின் உடம்பு வழுக்கிக்கொண்டு போனது. தொட்டி வாயில் மாட்டித் திருகுகிற பூட்டுக் காதுகள் உள்ள தலை மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டது. 110 என்பது வெளி அளவு. சுவரைக் கழித்தால் உள்ளே 104, 105 மில்லிமீட்டர்தான் தேறும். அந்தக் குழாய் இப்போது எங்கள் வீட்டு மாடித் தண்ணீரை இறக்கிக்கொண்டிருக்கிறது. அதனால் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், கடைக்குப் போகும் முன் ஓஸின் தலையை அளந்துவிடுங்கள்.

எங்களுடையது பழைய டெம்போ டிராவலரைக் கேரவனாக மாற்றிய வண்டி. படுக்கை, அடுப்பு, சின்னக் கக்கூஸ், அடியில் கழிவுத் தொட்டி. தொட்டியை வீட்டு செப்டிக் டேங்கில் வடிக்க ஒரு பத்தடி ஓஸ். (கழற்றியெடுக்கிற பெட்டியில் கழிவு சேரும் கேசட் கக்கூஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. பெட்டியைக் கையில் தூக்கிப்போய்க் கொட்டிவிட்டு வந்துவிடலாம். அவர்கள் இத்தோடு வேறு வேலை பார்க்கலாம்.)

பத்தடி நீள, மூணு இஞ்ச் ஓஸ் நிறைய நின்றால் கிட்டத்தட்ட 14 லிட்டர் பிடிக்கும். எவ்வளவு நன்றாக வடித்தாலும் அதன் மடிப்புகளுக்குள் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். ஓஸை எங்கே வைப்பது என்ற கேள்வியே உண்மையில் அந்தக் கொஞ்சத் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்விதான். நம் கடற்கரையில் அதோடு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்கக்காரர்கள் படம் போட்டுக் காட்டும் பல யோசனைகள் மண்டபத்தில் ஒரு மழைக்காலம் தாங்காததற்குக் காரணம் அதுதான்.

பம்பருக்குள் ஒளித்து வைப்பது

அமெரிக்க இழுவை வண்டிகள் பலவற்றில் பின் பம்பரே நாலு இஞ்ச் சதுர இரும்புக் குழல். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் மூடி. ஓஸை உள்ளே தள்ளி மூடிவிட வேண்டியதுதான். பார்க்க அழகு, யார் கண்ணிலும் படாது. அங்கேயும் தலை நுழையவில்லை என்று புலம்பியவர்கள்தான் ஐந்து இஞ்ச் வினைல் வேலிக்காலை அறுத்து வண்டிக்கு அடியில் கட்ட ஆரம்பித்தார்கள். நம்மூரில் அந்த வேலிக்காலுக்கு எங்கே போவது? இங்கே வேலி என்றால் பனை மட்டை, இல்லாவிட்டால் கருவ முள்.

நான் சும்மா இருந்தேனா? ஒரு பட்டறையில் சொல்லி, ஆறு இஞ்ச் சதுர எம்.எஸ். (சாதா இரும்பு) குழலில் பம்பர் அடித்தேன். "உள்ளேயும் ரெட் ஆக்சைடு அடிச்சாச்சுண்ணே" என்றார் பட்டறைக்காரத் தம்பி. அந்தத் துருத்தடுப்புப் பெயிண்டைப் பிரஷ் எட்டிய தூரம் வரை அடித்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. நடுவில் மூணடிக்குப் பூச்சே படாத வெறும் இரும்பு. ஓஸிலிருந்து சொட்டிய தண்ணீர், நான் கழுவி ஊற்றிய பிளீச்சிங் பவுடர் கரைசல், மூடி இடுக்கில் நுழைந்த உப்புக் காற்று, மூன்றும் அதற்குள் குடித்தனம் நடத்தின. ஐப்பசியில் மாட்டிய பம்பரில் சித்திரைக்குள் தட்டினால் உதிர்கிற அளவுக்குச் செதில். ஓஸை வெளியே இழுத்தால் துருத்தூள் ஒட்டிக்கொண்டு செம்மண் பாம்பு மாதிரி வரும்.

மதுரைப் பக்கம் ஓடுகிற வண்டிக்கு இது ஒருவேளை சரிப்படலாம். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் இரும்புக்குள் ஈரத்தைப் பூட்டாதீர்கள். ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழல் போட்டால் கொஞ்ச காலம் கூடுதலாகத் தாங்கும், ஆனால் வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோய் அங்கிருந்தே துரு தொடங்கும். பம்பர் மோதலைத் தாங்க வேண்டிய பாகம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அரித்துப்போன பம்பர் வெறும் அலங்காரம்.

மீன் பெட்டி

பம்பரைக் கழற்றிய பிறகு கொஞ்ச நாள் ஓஸ் ஒரு சாக்கில் சுருண்டு கிடந்தது. கீழக்கரையில் தெரிந்த ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) மீன் ஏற்றுமதிக்குப் பெட்டி அனுப்புகிறவர். என் நிலைமையைக் கேட்டுவிட்டு, ஒரு ஓரம் உடைந்த பிளாஸ்டிக் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். "ஓஸு நாத்தத்துக்கு எங்க நாத்தம் கொறச்சலா தம்பி?" என்று சிரிப்பு வேறு.

அந்தப் பெட்டியைக் குறைத்து எடைபோட்டிருந்தேன். பக்கங்களில் துளை இருப்பதால் காற்று ஓடும். துருவுக்கு வேலையே இல்லை. கடல் தண்ணீரிலும் ஐஸிலும் புரள்வதற்கென்றே செய்த சாமான், அதற்கு நம் ஓஸ் எம்மாத்திரம். அமுக்கினால் பத்தடி ஓஸ் மூன்றரை அடிக்குள் அடங்கும். அதை வளைத்து வைத்தால் பெட்டிக்குள் உட்கார்ந்துவிடும். அடியில் துளையில்லாத ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்துவிட்டால் சொட்டுவது தட்டில் நிற்கும். கையுறை, முழங்கை இணைப்பு, மூடிகள் எல்லாம் அதே பெட்டியில். செலவு சுத்தமாக இல்லை.

குறை இரண்டு. பெட்டி வண்டிக்குள் இடம் பிடிக்கும். எங்கள் வண்டியில் பின்கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் வைத்தோம், ராத்திரி கால் வைக்கிற இடம் அதுதான். இரண்டாவது, கதவை அடைத்து வெயிலில் நிறுத்தினால் நான் எவ்வளவு கழுவியிருந்தாலும் வாடை மேலேறும். தனுஷ்கோடி போன அன்று, வண்டியை மூடிவிட்டு அரிச்சல்முனையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம். கதவைத் திறந்ததும் வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, "இது வந்தா நான் வரல" என்றாள்.

இன்னொன்று: அந்தப் பெட்டியில் சிவப்புப் பெயிண்டில் பெரிதாகக் குறி போட்டுவிடுங்கள். உடைந்த பெட்டிதானே என்று யாராவது மறுபடி மீனுக்கு எடுத்துவிடக் கூடாது. குடிதண்ணீர் ஓஸும் எக்காரணம் கொண்டும் அதன் பக்கத்தில் வரக் கூடாது.

வலைப் பையும் கூரையும்

பழைய நைலான் வலையில் பை தைத்து பின் ஏணியில் தொங்கவிட்டால் ஓஸ் காய்வதில் இதை அடிக்க ஆளில்லை. கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் அரை மணி நேரம் போதும். ஆனால் பின்னால் பைக்கில் வருகிறவர் முகத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பாம்பன் பாலத்தின் மேல் காற்று அடிக்கிற அடிக்கு எந்தச் சொட்டு எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. வெயிலும் ஓஸைச் சீக்கிரம் மொரமொரப்பாக்கிவிடும். வண்டி நிற்கும்போது உலர்த்த மட்டும் வலைப் பை வைத்துக்கொள்ளலாம், ஓட்டத்தில் வேண்டாம்.

கூரையில் குழாய் கட்டுவது பற்றி ஒரே வரி: கழிவு ஓஸைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு முறை ஏணி ஏறியவன் இரண்டாம் முறை ஏறமாட்டான்.

ஆறு இஞ்ச் குழாய்

கடைசியில் வந்து நின்றது இங்கேதான். கடையில் ஆறு இஞ்ச் என்று கேட்டால் கிடைக்கிற 160 குழாய், உள்ளே 15 சென்டிமீட்டருக்கும் மேல். எந்தத் தலையும் நுழையும். முழு நீளம் வாங்க வேண்டாம். அமுக்கிய ஓஸுக்கு நாலரை அடித் துண்டு போதும். வீடு கட்டுகிற இடத்தில் பிளம்பரிடம் சொல்லி வைத்தால் மிச்சத் துண்டு கிடைக்கும், எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

எங்கே கட்டுவது என்பதில்தான் சூட்சுமம். சைலன்சர் போகிற பக்கம் கூடவே கூடாது. பிவிசி 80 டிகிரி வாக்கில் இளகிவிடும். பின் சக்கரத்துக்கு நேர் பின்னால் கட்டினால் கல் அடித்தே விரிசல் விடும். முகுந்தராயர் சத்திரம் தாண்டினால் காற்றுக் காலத்தில் ரோட்டிலேயே மணல் ஏறிக் கிடக்கும், ஆகவே தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்றும் பார்க்க வேண்டும். நாங்கள் இடது பக்கம், சக்கரங்களுக்கு நடுவில், சேஸிஸை (வண்டியின் அடிச்சட்டம்) ஒட்டி மேலே ஏற்றிக் கட்டினோம். சேஸிஸில் புதிதாகத் துளை போடாதீர்கள். அதைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப் போதும், நடுவில் ஒரு ரப்பர்ப் பட்டை. மூன்று இடத்தில் பிடித்தால் ஆடாது.

கிளாம்ப், போல்ட் இரண்டும் எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத எஃகுதான். அதிலும் 304 ரகம் இந்தக் காற்றில் டீக்கறை மாதிரி பழுப்பு பிடிக்கும், 316 ரகம் அதைவிட நல்லது. படகுச் சாமான் கடையில் விசாரியுங்கள்.

மூடியில் நான் இரண்டு தடவை ஏமாந்தேன். திருகு மூடி போட்டேன், மரைக்குள் மணலும் உப்பும் ஏறி ஒரே மாதத்தில் இறுகிப்போனது. திறக்கச் சுத்தியல் வேண்டியிருந்தது. அடுத்து ரப்பர் வளையம் உள்ள அழுத்து மூடி, அது உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது. இப்போது வளையத்தைக் கழற்றிவிட்டேன். மூடியும் குழாயும் சேர்த்து ஒரு துளை, அதில் ஒரு எஸ்.எஸ். பின். ஒரு விரலால் உருவலாம்.

காற்றோட்டம் இல்லாவிட்டால் இதுவும் பம்பர் கதைதான், துரு மட்டும் இருக்காது. இரண்டு முனையிலும் ஐந்தாறு துளைகள், குழாய் பின்பக்கம் லேசாகச் சரிந்திருக்க வேண்டும், தாழ்ந்த முனையின் அடியில் ஒரு வடிதுளை. துளைகளுக்கு உள்ளிருந்து நைலான் கொசுவலை ஒட்டுங்கள். இரும்பு வலை துருப்பிடிக்கும், வலையே இல்லாவிட்டால் குளவி மண்கூடு கட்டிவிடும். நான் பத்து நாள் வண்டியை எடுக்காமல் விட்டதில் வடிதுளையை மண்ணால் பூசி அடைத்திருந்தது ஒன்று. வெயில் படுகிற பக்கத்துக்கு ஒரு கை பெயிண்டும் அடித்துவிடுங்கள். வெயில் பட்ட பிவிசி நாளடைவில் முறுகும்.

வடிதுளை இருக்கிறதே என்று ரோட்டில் சொட்டவிட்டுப் போகலாம் என்று அர்த்தமில்லை. வடித்து முடித்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீரை ஓஸ் வழியாக விட்டு, வண்டிப் பக்கத்து முனையைத் தூக்கி, கைமாற்றிக் கைமாற்றிச் செப்டிக் டேங்க் வரை நடந்தால் பெரும்பாலும் வெளியேறிவிடும். பிறகு நிழலில் கால் மணி நேரம். அதற்குப் பிறகுதான் குழாய்க்குள், ஓஸ் மூடிகள் இல்லாமல். மாதம் ஒரு தடவை பிளீச்சிங் பவுடர் கரைசல் போதும், அதோடு கக்கூஸ் ஆசிட்டை மட்டும் கலந்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

அப்படியானால் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டேனா? இல்லை. ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் அனுமதி கேட்டு அவர்கள் தொட்டியில் வடிக்கும்போது, பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தால் உலர்த்த நேரம் இருக்காது. அப்போது ஓஸின் இரண்டு முனைக்கும் மூடி போட்டு, பெட்டியில் போட்டு வீடு வரை கொண்டுவந்து, மூடியைக் கழற்றி மாமரத்தடியில் காயவைக்கிறேன். வாடகைக்கு எடுத்த வண்டியிலும், அடிப்பக்கம் எதுவும் மாட்ட மனமில்லாதவர்களுக்கும் பெட்டியே போதுமானது. சொந்த வண்டிக்குக் குழாய்தான் என் ஓட்டு.

ஒரே ஒரு சிக்கல், சுருங்காத ஓஸ் வைத்திருப்பவர்களுக்கு. வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற பச்சை சக்‌ஷன் ஓஸை வாங்கி கேரவனுக்கு மாட்டியவர்கள் இங்கே நிறையப் பேர், விலை குறைவு, கையில் கிடைக்கும். அது அமுங்காது, பெட்டிக்குள்ளும் சுருளாது. பத்தடிக்குப் பத்தடிக் குழாய் தேவை, அந்த நீளத்துக்கு சிறிய வண்டியின் அடியில் இடமே இருக்காது. அதை ஐந்தடியாக இரண்டு துண்டு போட்டு, நடுவில் பூட்டு இணைப்பு வைத்து, இரண்டு குழாயில் வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பின் வாஷரை வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள், அதுதான் முதலில் ஒழுகும்.