ஸ்டீமில் பத்து வருடங்கள்: காசு கொடுத்து நான் வாங்கியது என்ன?

கம்ப்யூட்டர் கேம்களை இணையத்தில் விற்கும் கடையான ஸ்டீம், 2015 நவம்பரில் இந்தியர்களுக்கு ரூபாயில் விலை காட்டத் தொடங்கியது. அதற்கு முன்பு டாலர்தான். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு அனுமதி உள்ள கார்டு இருந்தால்தான் எதையும் வாங்க முடியும், என்னிடம் அது இல்லை. ரூபாய் வந்த அடுத்த மாதமே, டிசம்பர் தள்ளுபடியில் முதல் கேமை வாங்கினேன். இன்று என் கணக்கில் 140 கேம்கள் இருக்கின்றன. இத்தனை வருடம் ஒரே கடையில் வாங்கியவன் என்ற முறையில், அங்கே கிடைத்த நல்லதையும் என் மனதை உறுத்தும் ஒரு விஷயத்தையும் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

ஸ்டீமுக்கு முந்தைய காலத்தைச் சொன்னால்தான் அதன் அருமை புரியும். சென்னைக்குப் போகும் யாரிடமாவது சொல்லி, ரிச்சி தெருவிலிருந்து டிவிடி வாங்கிவரச் சொல்வோம். ஒரே தட்டில் நான்கைந்து கேம் இருக்கும், எதுவும் ஒரிஜினல் கிடையாது. இன்ஸ்டால் 87 சதவீதத்தில் நின்றுவிட்டால் தட்டை எடுத்து, பனியன் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து, மறுபடியும் போடுவோம். பாதி கேம்களில் வைரஸும் சேர்ந்தே வரும். உழைத்து உருவாக்கியவர்களுக்கு ஒரு பைசாவும் போகாது என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவே இல்லை. எங்களை அந்தப் பழக்கத்திலிருந்து மாற்றியது போலீஸ் ரெய்டு அல்ல, கட்டுப்படியாகும் விலை. இதை நான் உறுதியாகவே சொல்வேன்.

முதல் இரண்டு வருடம் டவுன்லோடுதான் பெரிய பாடு. வீட்டில் இருந்தது லேண்ட்லைன் பிராட்பேண்டு. இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை இறங்குவது மாத டேட்டா கணக்கில் வராது. அலாரம் வைத்து எழுந்து, ஸ்டீமில் டவுன்லோடைத் தட்டிவிட்டு, மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் படுப்பேன். ஒரு இரவுக்கு 5 ஜிபி வந்தால் அதிகம். 30 ஜிபி கேம் என்றால் ஆறு இரவுகள். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், அது பெரிய ஆறுதல்.

பிறகு ஃபைபர் வந்தது, அந்தக் கஷ்டம் போயிற்று.

நான் அதிகம் மதிப்பது இரண்டு வசதிகளை. ஒன்று ரீஃபண்ட். வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் என்றால் காரணம் எதுவானாலும் பணம் திரும்பக் கிடைக்கும். என் பழைய லேப்டாப்பில் திணறிய ஒரு கேமை 40 நிமிடத்தில் மூடிவிட்டு விண்ணப்பித்தேன், மறுநாளே பணம் வந்துவிட்டது. ஆனால் இந்த வசதி ஆரம்பத்திலிருந்தே இருந்ததல்ல. ஸ்டீம் தொடங்கியது 2003இல், ரீஃபண்ட் வந்தது 2015 ஜூனில். அந்த நேரத்தில் ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் ரீஃபண்ட் விவகாரத்தில் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் மீது 2014இல் தொடுத்த வழக்கு நடந்துகொண்டிருந்தது. 2016 டிசம்பரில் அந்த நாட்டு நீதிமன்றம் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. கடைக்காரர் நல்லவராக இருப்பது ஒரு பக்கம், கேட்பதற்கு ஒரு சட்டம் இருப்பது வேறு.

இன்னொன்று ப்ரோட்டான். விண்டோஸுக்கு எழுதிய கேம்களை, அதற்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓட்டும் இந்த ஏற்பாட்டை வால்வ் 2018இல் வெளியிட்டது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. என் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறாது. லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் போட்டு ஸ்டீமை நிறுவினேன். கைவசம் இருந்த கேம்களில் பெரும்பாலானவை எந்த வேலையும் வைக்காமல் ஓடின. என் மனைவி விளையாடும் ஸ்டார்டியூ வேலியில் அவள் மூன்று வருடமாக வளர்த்த பண்ணை, கோழிக்கூண்டு உட்பட, அப்படியே வந்து நின்றது. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் உருவாக்கி 2016இல் வெளியிட்ட கேம் அது. 2024 மார்ச்சில்கூட பெரிய அப்டேட் ஒன்றை இலவசமாகக் கொடுத்தார். இப்படிப்பட்டவருக்குக் காசு போய்ச் சேருகிறது என்பதில் எனக்கு உண்மையான சந்தோஷம்.

சரி, உறுத்தலுக்கு வருகிறேன்.

போன மே மாத லீவுக்கு அண்ணன் மகன் வந்திருந்தான். அலமாரியைக் குடைந்ததில் ஒரு கார் ரேஸ் கேமின் பெட்டி கிடைத்தது. ஸ்டீமில் வாங்கியது இல்லை. கடையில் ரசீதோடு வாங்கிய ஒரிஜினல், வேறொரு கம்பெனியுடையது. ஆசையாகப் போட்டான். இன்ஸ்டால் ஆனது, பாட்டு வந்தது, கார்கூட தெரிந்தது. அப்புறம் "சர்வருடன் இணைக்க முடியவில்லை" என்ற வரி. மூன்று முறை முயன்றான். அந்த சர்வரை, அதாவது கேம் ஓட இணையம் வழியாகத் தொடர்புகொள்ளும் கம்பெனியின் கணினியை, மூடி வருடங்கள் ஆகிவிட்டன என்று பிறகுதான் தேடித் தெரிந்துகொண்டேன்.

"சித்தப்பா, இது காசு குடுத்து வாங்கினதுதானே? அப்புறம் ஏன் ஓடமாட்டேங்குது?"

என்னிடம் பதில் இல்லை. கையில் தட்டு இருக்கிறது, ரசீது இருக்கிறது, கேம் மட்டும் இல்லை.

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. யூபிசாஃப்ட் என்ற கேம் கம்பெனி 2014இல் வெளியிட்ட தி க்ரூ என்ற கார் ரேஸ் கேம், 2024 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டது. தனியாக விளையாடவும் சர்வர் தேவைப்பட்ட கேம் என்பதால் வாங்கியவர்களால் அதன் பிறகு விளையாட முடியாமல் போயிற்று. அதை முன்வைத்து ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் தொடங்கிய இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டியது. சர்வரைக் காலமெல்லாம் ஓட்டச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. மூடும்போது கேமை ஓடும் நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் கோரிக்கை. முடியாத காரியமும் அல்ல. அதன் அடுத்த பாகமான தி க்ரூ 2க்கு, இணையம் இல்லாமலே விளையாடும் ஆஃப்லைன் வசதி தருவதாக அதே யூபிசாஃப்ட் 2024 செப்டம்பரில் அறிவித்தது.

கலிஃபோர்னியா மாநிலம் வேறு வழியில் போயிற்று. 2025 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள அதன் சட்டப்படி, கொடுப்பது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் பொருளுக்கு 'வாங்கு' என்ற பொத்தானை வைக்கக் கூடாது. அதற்குச் சில மாதம் முன்பே ஸ்டீமின் பணம் கட்டும் பக்கத்தில் ஒரு வரி வந்துவிட்டது: நீங்கள் பெறுவது ஸ்டீமில் இதைப் பயன்படுத்தும் உரிமம். மதுரையில் உட்கார்ந்து அந்த வரியைப் படித்தபோது, 140 கேம்களும் வாடகை வீடு மாதிரி தோன்றின. ஒப்பந்தப்படி இந்தக் கணக்கை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. அப்பாவின் புத்தக அலமாரி எனக்கு வந்தது. என்னுடைய இந்த அலமாரி என்னோடு முடிந்துவிடும்.

நம் நாட்டில் கேம் பற்றிய சட்டப் பேச்சு முழுக்க சூதாட்டத்தைச் சுற்றியே நடக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. அதற்கு முன்பே தமிழ்நாடு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை அவற்றை நிறுத்திவைத்தது. ரம்மியில் பணத்தை இழந்து எத்தனை குடும்பங்கள் உடைந்தன என்று பார்த்தவர்களுக்கு இந்தச் சட்டங்கள் ஏன் வந்தன என்று விளக்க வேண்டியதில்லை. நானும் வரவேற்கிறேன். ஆனால் பணம் வைத்து ஆடாமல், பொருளாக நினைத்து கேம் வாங்கும் என்னைப் போன்றவர்களைப் பற்றி யார் பேசுவது? 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், இ-காமர்ஸ் என்பதன் விளக்கத்திலேயே டிஜிட்டல் பொருட்களைச் சேர்த்திருக்கிறது. கதவு திறந்தே இருக்கிறது. சர்வரை மூடுவதற்கு இத்தனை மாதம் முன்பு அறிவிக்க வேண்டும், ஆஃப்லைன் வழியோ பணமோ தர வேண்டும் என்று ஒரு விதி சேர்த்தால் போதும். கேம்களை இணையம் வழியாகவே விளையாடத் தந்த தன் ஸ்டேடியா சேவையை கூகுள் 2023 ஜனவரியில் மூடியபோது, அங்கே வாங்கிய கேம்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. எல்லோரும் தாமாகவே அப்படிச் செய்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

ஸ்டீமை விட்டுவிடச் சொல்வேனா என்றால், இல்லை. இன்றும் என் முதல் கடை அதுதான். ஆனால் பணம் கட்டும் முன் இப்போது இரண்டு விஷயம் பார்க்கிறேன். தனியாக விளையாடும் கேமுக்கும் எப்போதும் இணையம் தேவை என்று கடைப் பக்கத்தில் எழுதியிருந்தால் வாங்குவதில்லை, 90 சதவீதத் தள்ளுபடி என்றாலும் சரி. கேமைத் திறக்க வேறு கம்பெனியின் லாஞ்சர் மென்பொருளிலும் கணக்கு தொடங்கச் சொன்னால் யோசிப்பேன். மனதுக்கு நெருக்கமான கேம்களை ஜிஓஜி என்ற இன்னொரு கேம் விற்பனைத் தளத்தில் தேடுகிறேன், அங்கே பூட்டு இல்லாத இன்ஸ்டாலர் ஃபைலையே இறக்கிக்கொள்ளலாம். சில கேம்களை ஏற்கெனவே ஸ்டீமில் வைத்திருந்தும் அங்கே இரண்டாம் முறை வாங்கினேன். வீண் செலவு என்று மனைவி சொன்னாள். நான் அப்படி நினைக்கவில்லை.

அந்த ஃபைல்கள் ஒரு டிபி ஹார்டு டிஸ்கில் இருக்கின்றன, மேலே ஸ்டிக்கர் ஒட்டி கேம்களின் பெயரை எழுதிவைத்திருக்கிறேன். போன வாரம் அதில் ஒரு கார் ரேஸ் கேமும் சேர்ந்தது. வைஃபையை அணைத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. மே மாதம் அவன் மறுபடி வருகிறான்.