சார்ட்டா, டூசார்ட்டடா?

ஜாவாஸ்கிரிப்டில் ஒரு அரேயை (மதிப்புகளின் வரிசைப் பட்டியலை) அடுக்குவதற்கு இன்று நான்கைந்து வழிகள் இருக்கின்றன. ஃபங்ஷனல் பாணியில், அதாவது கையில் வந்த தரவை மாற்றாமல் புதிய விடையைத் தரும் பாணியில், எழுத வேண்டிய ஒரு புராஜெக்டுக்கு அதில் எது சரிவரும் என்று பார்த்து, அடுக்கிய புதிய அரேயைத் தரும் டூசார்ட்டடை எடுத்துக்கொண்டேன். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை.

ஃபங்ஷனல் என்றதுமே பலருக்கு ஹாஸ்கெல் என்ற ஃபங்ஷனல் மொழியின் பாடங்களில் வரும் குட்டி குவிக்சார்ட் என்ற அடுக்கும் முறைதான் நினைவுக்கு வரும். முதல் உறுப்பை எடு, சிறியவற்றை ஒரு பக்கம், மற்றதை மறுபக்கம் பிரி, இரண்டையும் அதேபோல அடுக்கு. படிக்க அழகுதான். ஆனால் ஏற்கெனவே அடுக்கப்பட்ட அரே உள்ளே வந்தால் வேலை உறுப்பு எண்ணிக்கையின் வர்க்க அளவுக்கு ஏறிவிடும். அரே பெரிதாக இருந்தால், ஃபங்ஷன் அழைப்புகளை வைத்திருக்கும் நினைவகமான ஸ்டாக்கும் நிரம்பிவிடும். ஹாஸ்கெலின் நூலகமே மெர்ஜ் சார்ட் என்ற வேறொரு முறையைத்தான் வைத்திருக்கிறது. ராம்டா, லோடாஷ் நூலகங்களின் சார்ட்பை நன்றாகவே இருக்கும், ஆனால் இதற்கென்று மட்டும் அவற்றை இழுத்து வரத் தேவையில்லை.

மிஞ்சுவது சார்ட், டூசார்ட்டட் இரண்டும்தான். எண்களைச் சரம்போல ஒப்பிட்டு 1, 10, 9 என்று அடுக்கும் குணம் இரண்டிலும் உண்டு. அதனால் எண்களை அடுக்க, எது முன்னே வரும் என்று சொல்லும் ஒப்பீட்டு ஃபங்ஷன் இரண்டுக்கும் தேவை. சமமான உறுப்புகளின் பழைய வரிசை கலையாது என்பதும் இரண்டுக்கும் பொது. சார்ட்டுக்கு அந்த உத்தரவாதம் ஜாவாஸ்கிரிப்ட் தரத்தின் 2019 பதிப்பில் வந்தது.

உண்மையான வித்தியாசம் ஒன்றே ஒன்று: சார்ட் கொடுத்த அரேயையே மாற்றிவிடும், டூசார்ட்டட் அதைத் தொடாது. அதனால் கேட்க வேண்டியது, அந்த அரேயை வேறு யார் கையில் வைத்திருக்கிறார்கள்? 'கடைசி ஆர்டரைக் கொடு' என்று ஒரு ஃபங்ஷன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆர்டர் பட்டியலை வாங்கி, தேதிவாரியாக இறங்குமுகமாக சார்ட் செய்து, முதல் உறுப்பைத் திருப்பித் தருகிறது. தரும் விடை சரி, டெஸ்டும் பாஸ். ஆனால் அழைத்தவரின் பட்டியல் தலைகீழாகிவிட்டது, அது அவருக்குத் தெரியாது. பிழை தலைகாட்டுவது இந்த ஃபங்ஷனில் அல்ல, அதே பட்டியலைக் காட்டும் வேறொரு திரையில். அரேயின் பெயரை கான்ஸ்ட் என்று அறிவித்திருந்தாலும் பயனில்லை. அது பெயரை வேறு ஒன்றுக்கு மாற்றவிடாது, அவ்வளவே. திரைகளை அமைக்கும் ரியாக்ட் நூலகத்தில் இன்னும் வேடிக்கை: சார்ட் அதே அரேயைத்தான் திருப்பித் தருகிறது என்பதால், ஸ்டேட் (திரை காட்டும் தரவு) மாறவே இல்லை என்று ரியாக்ட் நினைத்துக்கொள்ளும்.

சார்ட் எதையாவது திருப்பித் தருவதே இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம். பைத்தானின் லிஸ்ட் சார்ட் வேண்டுமென்றே எதையும் தராது. புதிய பட்டியல் வேண்டுமென்றால் அதற்கு சார்ட்டட் தனியாக இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டுக்கு அந்த ஜோடி 2023 பதிப்பில்தான் கிடைத்தது. அதுவரை ஸ்ப்ரெட் என்ற மூன்று புள்ளிக் குறியைப் போட்டு காப்பி எடுத்து, அதன்மேல் சார்ட் செய்துவந்தோம். இன்றும் அது சரியான வழிதான். ஆனால் அந்த மூன்று புள்ளிகளை யாரோ ஒருவர் தேவையில்லை என்று நீக்கினால் எந்தச் சத்தமும் வராது. பராமரிப்பு என்று பார்த்தால் எனக்கு இந்த ஒன்றே போதும்.

காப்பிக்கு ஆகும் செலவைப் பற்றிக் கேட்பார்கள். நகலாவது உறுப்புகள் இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டிகள் மட்டுமே, ஆப்ஜெக்டுகள் அல்ல. ஒப்பீடுகளுக்கு ஆகும் வேலையோடு பார்த்தால் அது சிறிது. சுட்டிகள் மட்டுமே நகலாவதால்தான் உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டை மாற்றினால் இரண்டு அரேயிலும் அந்த மாற்றம் தெரியும்; டூசார்ட்டட் அதைத் தடுக்காது. பல லட்சம் எண்களை நொடிக்குப் பலமுறை அடுக்கும் வேலை எனக்கு வாய்த்ததில்லை. அங்கே சார்ட்டே சரியாக இருக்கலாம். அதேபோல, ஃபங்ஷனுக்குள்ளேயே பிறந்து வெளியே யாரும் பார்க்காத அரேக்கு நானும் சார்ட்தான் போடுகிறேன்.

பழைய பிரவுசர்களில் டூசார்ட்டட் வேலை செய்ய, இல்லாத வசதியை ஈடுசெய்யும் பாலிஃபில் நிரல் வேண்டும். பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடில் 20-ஆம் பதிப்பு முதல் இருக்கிறது. வகைகளைச் சரிபார்க்கும் டைப்ஸ்கிரிப்டில் எழுதுபவர்கள் அதன் லிப் அமைப்பில் இஎஸ்2023 (அந்த 2023 பதிப்பு) சேர்த்துவிட்டு, ஃபங்ஷன் வாங்கும் அரேக்களை ரீட்ஒன்லி (மாற்றக் கூடாதது) என்று குறித்துவிடலாம். அதன்பின் யாராவது சார்ட் என்று எழுதினால் கம்பைலரே நிறுத்திவிடும், டூசார்ட்டடை மட்டும் விடும்.