14ஆம் நம்பரும் என் கண்ணும்

கண் டொக்டர் நாலு மணிக்கு வருவார் என்றார்கள். நம்பர் 14. சனல் பண்ணும், அதாவது தனியார் டொக்டருக்கு நம்பர் எடுத்துக் காத்திருக்கும் பழக்கம் விட்டுப்போனதால் டொரொன்டோ புத்தியில் மூணேமுக்காலுக்கே கண்டியில் போய் உட்கார்ந்துவிட்டேன். நாலரைக்குக் கேட்டேன். "மாவனெல்லையில வந்துகிட்டிருக்கார் அண்ணா" என்றாள் கவுண்டர் தங்கச்சி. ஐந்தரைக்குக் கேட்டேன். அதே மாவனெல்லை, கண்டிக்கு இன்னும் மலை ஏறணும். கண்ணில் புரையோடு பக்கத்தில் இருந்த கம்பளை அம்மா சிரித்தார். "கடுகண்ணாவை மலை ஏறிட்டார்னு சொன்னா மட்டும் எழும்புங்க தம்பி."

ஆறேகாலுக்கு வந்தார். அப்புறம் 'ரிப்போட் மட்டும் காட்டணும்' என்று ஆறு பேர் எனக்கு முன்னால் நுழைந்தார்கள். கனடாவில் என்றால் சண்டைக்குப் போயிருப்பேன். இங்கே பிளேன்டீ வாங்கிக் குடித்தேன். அதிலும் சீனி அதிகம்.

லேசர் செய்து கண்ணாடியைத் தூக்கி எறிவதுதான் இந்தப் பயணத்தின் ரகசியத் திட்டம். எனக்குக் கிட்டப்பார்வை, பவர் மைனஸ் 8. புசல்லாவைப் பள்ளிக்கூடத்தில் 'சோடாபுட்டி' என்று கூப்பிட்டவர்களுக்கு நான் இன்னும் கணக்குத் தீர்க்கவில்லை.

"கொன்டாக்ட் லென்ஸ் எப்ப கழட்டினீங்க?" டொக்டரின் தமிழ் கொஞ்சம் உடைந்தது, கேள்வி உடையவில்லை.

"இப்பதான், அளக்கிறதுக்கு முன்னால."

பேனாவை வைத்துவிட்டார். லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே மாற்றி வைக்குமாம். மென்மையான லென்ஸ் என்றாலும் இரண்டு கிழமை கழற்றி வைத்தால்தான் அளவை நம்பலாம். இத்தனை மணி நேரம் காத்திருந்தது இதைக் கேட்கத்தானா என்று எரிச்சல் வந்தது. நம்பர் தரும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

ஆனால் மனுஷன் என்னை அப்படியே அனுப்பவில்லை. நம்பர் துண்டுச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். இன்றைய அளவுப்படி கருவிழியின் தடிப்பு 490 மைக்ரோன் (ஆயிரம் மைக்ரோன் ஒரு மில்லிமீட்டர்). மேலே மூடி மாதிரித் திறக்கிற மடிப்பு வெட்ட 110. லேசர் செதுக்கி எடுப்பது ஒரு பவருக்கு ஏறக்குறைய 15 என்றால் எட்டுக்கு 120. மிச்சம் 260. 250க்குக் கீழே போகக் கூடாது, 300 இருந்தால் நிம்மதி. மிச்சம் போதாவிட்டால் கருவிழி வலுவிழந்து கூம்பு மாதிரி முன்னே தள்ளும். மடிப்பு வெட்டாத முறையும் உண்டு. அதில் சில நாள் வலி, பார்வை தெளியத் தாமதம், என் பவருக்கு மங்கல் பயம் வேறு. கண் வறட்சிக்கு மாதக்கணக்கில் சொட்டு மருந்து. "வயசு 41. வாசிக்கிற கண்ணாடி எப்படியும் வரும்" என்று சிரிக்காமல் சொன்னார்.

டொரொன்டோ லேசர் கிளினிக்கில் சோபா, கோப்பி, தவணைத் திட்டம் எல்லாம் காட்டினார்கள். கழித்தல் கணக்கு மட்டும் யாரும் காட்டவில்லை.

கண்மணி விரிய விட்ட சொட்டு மருந்தோடு இரவு பஸ் ஏறினேன். கம்பளை தாண்டி வளைவுகளில் எதிரே வந்த ஒவ்வொரு லொறி விளக்கையும் சுற்றி ஒளிவட்டம். லேசருக்குப் பிறகு சிலருக்கு இரவில் இப்படித் தெரியும், அநேகமாகச் சில மாதத்தில் குறையும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். நான் இரவில் வண்டி ஓட்டி வேலைக்குப் போகிறவன்.

இப்போது லென்ஸைக் கழற்றி வைத்திருக்கிறேன். "பழைய மூஞ்சி வந்திருச்சு" என்று அத்தைக்கு ஒரே சந்தோஷம். மறுபடி அளக்க 19ஆம் தேதி, நம்பர் 9. 22ஆம் தேதி பிளேன். செய்தால் அடுத்த நாளும், ஒரு கிழமையிலும், ஒரு மாதத்திலும் காட்ட வேண்டுமாம், ஆகவே இந்த முறை அளவு மட்டும்தான். நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறாள் தங்கச்சி. ஆறு மணிக்குப் போவேன்.