ஒரு கிட்டார், ஒரு சிவப்புப் பெட்டி: ஸ்கார்லெட் சோலோ எப்படி?

கிட்டாரைக் கம்ப்யூட்டரில் பதிவுசெய்ய என்ன வாங்கலாம் என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "மைக் வைத்தா, ஒயர் செருகியா?" அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம். என்னிடம் இரண்டு வகையும் உண்டு. ஸ்டீல் கம்பி போட்ட ஒரு அகூஸ்டிக், சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் வைத்த ஒரு எலெக்ட்ரிக். இரண்டையும் பதிவுசெய்வது ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ என்கிற சிவப்புப் பெட்டியில்தான். கிட்டாரையும் மைக்கையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் அது. என்னுடையது மூன்றாம் தலைமுறை, 2019இல் வந்த மாடல். 2023இல் நான்காம் தலைமுறை வந்துவிட்டது என்றாலும், பழையது இன்னும் ஏராளமான மேசைகளில் இருக்கிறது, கைமாறியும் கிடைக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர் கையில் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் இதுதான்.

லேப்டாப்பிலேயே மைக் ஓட்டை இருக்கிறதே, பெட்டி எதற்கு? நியாயமான கேள்வி. எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பி. அதிலிருந்து வரும் சிக்னல் பலவீனமானது. எதிர்முனையில் இருக்கும் இன்புட்டின் இம்பீடன்ஸ், அதாவது சிக்னலுக்கு அது காட்டும் மின்தடை, அதிகமாக இருந்தால்தான் அந்த சிக்னல் முழுசாகப் போய்ச் சேரும். கிட்டார் ஆம்ப்களில் இது வழக்கமாக 1 மெகா ஓம் அளவில் இருக்கும். லேப்டாப் மைக் ஓட்டையிலோ சில ஆயிரம் ஓம்தான். ஒரு அடாப்டர் ஒயரை வைத்து அதில் செருகினால் சத்தம் வரும், வராமல் இல்லை. ஆனால் மேல் ஸ்தாயி எல்லாம் போய்விடும், கிட்டாருக்குக் கம்பளி போர்த்தியதுபோல இருக்கும். சோலோவின் முகப்பில் 'இன்ஸ்ட்' என்று ஒரு சின்ன பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் இரண்டாவது இன்புட் கிட்டாருக்கான ஹை இம்பீடன்ஸுக்கு மாறும். அழுத்தாமல் ஒருமுறை, அழுத்தி ஒருமுறை ஒரே ராகத்தை வாசித்துப் பாருங்கள். பெட்டிக்குக் கொடுத்த காசு எங்கே போனது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

முகப்பில், உள்ளே வரும் சிக்னலைக் கூட்டிக் குறைக்க இரண்டு கெய்ன் நாப்கள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு ஒளி வளையம். சிக்னல் வந்தால் பச்சை, எல்லை மீறினால் சிவப்பு. சிவப்புக்கு ஒரு மயிரிழை கீழே நிறுத்த வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது டேப் காலத்துப் பழக்கம். டேப்பின் இரைச்சலுக்கு மேலே சத்தம் நிற்க வேண்டும் என்பதற்காக அப்போது அப்படிச் செய்தார்கள். 24 பிட்டில் பதிவுசெய்யும்போது மிகச் சன்னமான சத்தத்துக்கும் உச்சத்துக்கும் நடுவே கணக்குப்படி 144 டெசிபல் இடைவெளி இருக்கிறது, அதனால் தாராளமாகக் கீழே இறங்கலாம். பாட்டில் எந்த இடத்தில் அதிக பலத்தோடு அடிப்பீர்களோ அந்த இடத்தை வாசித்து, மென்பொருளின் மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் (எல்லை 0) நிற்கிற மாதிரி வையுங்கள். பதிவு பொத்தானை அழுத்தியதும் கை தன்னால் கொஞ்சம் ஓங்கித்தான் அடிக்கும், அதற்கும் இடம் வேண்டும். சத்தம் போதவில்லை என்றால் பின்னால் கூட்டிக்கொள்ளலாம். எல்லை மீறி, கிளிப் ஆகிக் கிழிந்ததை ஒட்டவைக்க முடியாது.

இனி லேட்டன்சி, அதாவது வாசிப்பதற்கும் அது காதில் விழுவதற்கும் நடுவே வரும் தாமதம். தொடங்குகிறவர்களில் பாதிப் பேர் கைவிடுவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். கம்ப்யூட்டர் ஒலியைத் துளித்துளியாக வாங்காது. கொஞ்சம் சேர்த்து வைத்து, மொத்தமாக வாங்கும். அந்தச் சேமிப்புக்குப் பெயர் பஃபர். அதை 1024 சாம்பிள் என்று வைத்து, 44,100 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் பதிவுசெய்தால் ஒரு பக்கத்துக்கே 23 மில்லிசெகண்ட். உள்ளே போக ஒருமுறை, வெளியே வர ஒருமுறை என்று 46ஐத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் ஒலி காற்றில் சுமார் 16 மீட்டர் போய்விடும். அதாவது 16 மீட்டர் தள்ளி ஆம்பை வைத்துவிட்டு வாசிப்பதற்குச் சமம். எலெக்ட்ரிக் கிட்டாரில் இன்னொரு தொல்லை, கம்பி தானாக எழுப்பும் சன்னமான சத்தம் காதுக்கு நேராக வந்துவிடும். முதலில் அந்த 'டிங்', பிறகு ஹெட்ஃபோனில் ஆம்பின் சத்தம். கை குழம்பிப்போய்த் தாளத்தைப் பின்னுக்கு இழுக்கும். வாசிக்கிறவர் தனக்குத் தாளமே வராது என்று முடிவுகட்டிவிடுவார்.

இதற்குப் பெட்டியில் 'டைரக்ட்' என்று ஒரு ஸ்விட்ச் உண்டு. அதைப் போட்டால் கம்ப்யூட்டருக்குப் போகாமலே உங்கள் சத்தம் நேராக ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும், தாமதமே இல்லை. மைக் வைத்து அகூஸ்டிக் பதிவுசெய்யும்போது இது வரம். ஆனால் கம்ப்யூட்டருக்குள் ஓடும் ஆம்ப் பிளக்-இன்னின், அதாவது ஆம்ப் மாதிரி சத்தம் தரும் துணை மென்பொருளின், சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாசிக்கப் போகிறீர்கள் என்றால் இதை அணைத்தே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெறும் கிட்டார் சத்தம் முதலிலும் ஆம்ப் சத்தம் அதன் பின்னாலும் சேர்ந்து கேட்கும். அப்போது செய்ய வேண்டியது பஃபரைக் குறைப்பது. 128 சாம்பிள் என்றால் ஒரு பக்கத்துக்கு 3 மில்லிசெகண்ட்கூட இல்லை. பெட்டிக்குள் ஆகும் சில்லறைத் தாமதத்தைச் சேர்த்தாலும் விரல் புகார் சொல்லாது. பதிவு முடிந்து மிக்ஸிங் செய்யும்போது மறுபடி 1024க்குப் போய்விடலாம், கம்ப்யூட்டர் திணறாது.

விண்டோஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபோகஸ்ரைட்டின் சொந்த டிரைவரைப் போட்டுவிட்டு, மென்பொருளின் ஆடியோ அமைப்பில் 'ஏசியோ' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டைன்பெர்க் நிறுவனம் கொண்டுவந்த இந்த வழி, விண்டோஸின் வழக்கமான ஒலிப்பாதையைத் தாண்டிக்கொண்டு நேராகப் பெட்டியோடு பேசும். இதைத் தேர்ந்தெடுக்காமல் பஃபரை எவ்வளவு குறைத்தாலும் பெரிய பலன் இருக்காது. மேக்கில் இந்த வேலை இல்லை, செருகினால் சரி.

பதிவுசெய்யும் மென்பொருளாக நான் வைத்திருப்பது ரீப்பர். வின்ஆம்ப்பை எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கலின் காக்கோஸ் நிறுவனம் தயாரிப்பது. 60 நாள் எந்தத் தடையும் இல்லாமல் முழுசாக ஓட்டிப் பார்க்கலாம். திறந்ததும் சாம்பல் நிறத்தில் ஒன்றுமே இல்லாத ஒரு திரை வரும், அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழைய லேப்டாப்பிலும் நொண்டாமல் ஓடும். கன்ட்ரோலும் T-யும் அழுத்தினால் ஒரு ட்ராக். அதன் பெயரை உடனே எழுதிவிடுங்கள், ஏனென்றால் பதிவாகும் கோப்புக்கு ரீப்பர் அந்தப் பெயரைத்தான் வைக்கும். பெயர் வைக்காமல் பதிவுசெய்த கோப்புகள் ஒரு மாதம் கழித்து எது எது என்று தெரியாது. சிவப்பு வட்டத்தை அழுத்தி ட்ராக்கைத் தயார் செய்து, இன்புட் 2ஐத் தேர்ந்தெடுத்து, மெட்ரோனோமைப் போட்டு வாசிக்க வேண்டியதுதான். கடினமான எட்டு பாரை (தாளச் சுற்றை) மட்டும் தேர்ந்தெடுத்து லூப்பில் விட்டால், ஒவ்வொரு சுற்றும் தனித்தனி டேக்காக, அதாவது தனிப் பதிவாக, சேர்ந்துகொண்டே போகும். அதில் நல்லதைப் பொறுக்கிக்கொள்ளலாம். ட்யூனரும் உள்ளேயே இருக்கிறது, ரியாட்யூன் என்று பெயர். ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் அதைப் பார்த்துவிடுவது நல்லது. மேடையில் யாரும் கவனிக்காத லேசான சுருதி விலகல், பதிவில் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் குத்தும்.

ஒயர் செருகிப் பதிவுசெய்வதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, கோப்பில் விழுவது சுத்தமான வெறும் கிட்டார் என்பது. ஆம்ப் சத்தம் அதன்மேல் ஓடும் பிளக்-இன் மட்டும்தான். இன்றைக்கு வாசித்ததற்கு நாளைக்கு வேறு ஆம்ப் மாட்டலாம். நியூரல் ஆம்ப் மாடலர் என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, தரம் பிரமாதம். ஒரு விஷயம் மட்டும்: ஆம்ப் மாடலுக்குப் பின்னால் ஸ்பீக்கர் கேபினெட்டின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்பும் (அந்த ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பதிந்துவைத்த கோப்பு) போட வேண்டும். கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே கிட்டத்தட்ட எல்லாவற்றையும் வெட்டிவிடும். அந்த வெட்டு இல்லாமல் டிஸ்டார்ஷனைக் கேட்டால் காது கரகரத்துப்போகும். "இலவச பிளக்-இன் எல்லாம் குப்பை" என்று சொல்கிறவர்களில் பலர் கேபினெட் போடாமல் கேட்டவர்கள்தான்.

சிங்கிள் காயில் பிக்கப்பில் உறுமல் வரும். அது பெட்டியின் குறை அல்ல, பிக்கப்பின் இயல்பு. நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள், ஏதோ ஒரு கோணத்தில் உறுமல் அடங்கும். மானிட்டரிலிருந்து ஓரடி விலகினாலே வித்தியாசம் தெரியும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் சத்தம் நின்றால் வழக்கு முடிந்தது, பேட்டரியில் வாசித்துக்கொள்ளலாம்.

அகூஸ்டிக் வேறு கதை. என்னிடம் இருப்பது ஷூர் எஸ்எம்57, 1965 முதல் விற்பனையில் இருக்கும் டைனமிக் மைக். புதிதாக மைக் வைப்பவர்கள் எல்லோரும் நேராக ஒலித்துளைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள், சத்தம் அங்கிருந்துதானே வருகிறது என்று. அங்கே வைத்தால் உடலுக்குள் இருக்கும் காற்றின் அதிர்வு, 100 ஹெர்ட்ஸ் பக்கம், 'பூம்' என்று எல்லாவற்றையும் விழுங்கிவிடும். மைக்கை 12ஆவது ஃப்ரெட்டுக்கு எதிரே, ஒரு சாண் அல்லது அதற்குச் சற்றே அதிக தூரத்தில், கழுத்தும் உடலும் சேரும் இடத்தைப் பார்த்த மாதிரி வையுங்கள். கம்பியின் மினுக்கமும் உடலின் கனமும் அளவாக வரும். கனம் வேண்டுமானால் மைக்கின் முகத்தை லேசாகத் துளைப் பக்கம் திருப்பலாம், இரண்டு விரல் அளவு போதும். மென்பொருளின் ஈக்வலைசரில் அரைமணி நேரம் போராடுவதைவிட இது மேல்.

ஸ்ட்ரம் செய்யும்போது சோலோவும் எஸ்எம்57உம் நல்ல ஜோடி. விரலால் மெல்ல மீட்டும்போது அப்படி இல்லை. டைனமிக் மைக்கின் வெளியீடு குறைவு என்பதால் கெய்ன் நாப்பை ஏறக்குறைய கடைசி வரை திருக வேண்டியிருக்கும், 'உஸ்' என்ற இரைச்சலும் கூடவே ஏறும். விரல் மீட்டல்தான் உங்கள் பாணி என்றால் மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் சின்ன டயஃப்ரம் கண்டென்சர் மைக் பாருங்கள். அதற்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரத்துக்குப் பெட்டியிலேயே பட்டன் இருக்கிறது. கண்டென்சர் எல்லாவற்றையும் கேட்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லேப்டாப் விசிறி, சட்டை பட்டன் கிட்டார் முதுகில் உரசுவது, நீங்கள் மூச்சு விடுவது, எல்லாம் பதிவாகும்.

பெட்டியின் வடிவமைப்பில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. ஹெட்ஃபோனுக்கும் ஸ்பீக்கருக்கும் சேர்த்து ஒரே வால்யூம் நாப். மைக் திறந்திருக்கும்போது ஸ்பீக்கர் பேசக் கூடாது, ஹெட்ஃபோன் மட்டும் வேண்டும். ஆக ஒவ்வொரு முறையும் கையை நீட்டி ஸ்பீக்கரின் பின்பக்க ஸ்விட்சை அணைக்க வேண்டியிருக்கிறது. பெரிய அண்ணனான 2ஐ2வில் இரண்டுக்கும் தனித்தனி நாப். அதில் மைக் இன்புட்டும் இரண்டு. கிட்டாருக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று என்று இரண்டு மைக் வைக்கும் எண்ணம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், 2ஐ2தான். எலெக்ட்ரிக் மட்டும், அல்லது பிக்கப் வைத்த அகூஸ்டிக்கோடு பாட்டு என்றால் சோலோ தாராளம். தனியாக வாசிக்கிறவர் எட்டு இன்புட் பெட்டி வாங்குவதில் எனக்கு ஒரு அர்த்தமும் தெரியவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனை ட்ராக் வேண்டுமானாலும் இதிலேயே வாசிக்கலாம். இடதுபக்கம் ஒன்று, வலதுபக்கம் ஒன்று என்று அகலமான ரிதம் வேண்டும் என்றால் இரண்டு முறை வாசியுங்கள். ஒரே பதிவை நகலெடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் அகலம் வராது, நடுவில் சத்தம் மட்டும் கூடும்.

பெட்டியோடு யூஎஸ்பி ஒயர் வரும், வேறு ஒயர் எதுவும் வராது. கிட்டார் ஒயர், மைக்குக்கு எக்ஸ்எல்ஆர் ஒயர், காதை முழுக்க மூடுகிற ஹெட்ஃபோன் எல்லாம் தனி. திறந்த வகை ஹெட்ஃபோன் வேண்டாம், மெட்ரோனோமின் டிக் டிக் கசிந்து மைக்கில் ஏறிவிடும். அப்புறம் ஸ்டாண்ட், அதுவும் கை நீட்டும் பூம் ஸ்டாண்டாக. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். புத்தகங்களை அடுக்கி அதன்மேல் மைக்கைப் படுக்கவைத்தால் 12ஆவது ஃப்ரெட்டை அது ஒருநாளும் பார்க்காது.